மாதிரி வாயில் ஒரு புண்

காபி போட்டது தம்பி. ஒரு வாய் உறிஞ்சியவன் ஜன்னலுக்கு ஓடி வெளியே துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அக்கா தன் டம்ளரை அடிவரை காலி செய்துவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள்.

“எப்படிக்கா குடிச்சே?”

“ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?”

“சர்க்கரைன்னு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டிருக்கேன். கடல் தண்ணி மாதிரி இருக்கு.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் அக்காவுக்குச் சுருக்கென்றது. நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். உப்பும் இல்லை, காபியும் இல்லை, ஒன்றுமே இல்லை. முந்தாநாளிலிருந்து நாக்கு எரிந்துகொண்டிருந்ததும், வாய் வறண்டு உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டதும், நாக்கின் அடியில் ஏதோ உறுத்தியதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. புதுப் பற்பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். சட்டென்று எழுந்து ஆணியில் தொங்கிய மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

தம்பிக்குப் போன வருஷம்தான் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூங்க வைக்கும் மாத்திரைகளை அவன் தினமும் விழுங்கியாக வேண்டும். சாதாரணச் சளி பிடித்தாலே அவன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொரோனா பிடித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை, பேசவும் தேவையில்லை.

“கதவைச் சாத்திக்கோ. ஜன்னலை எல்லாம் திறந்து வை. அந்த டம்ளரைத் தொடாதே, அப்படியே கிடக்கட்டும்” என்றாள் படியிலிருந்து.

“எங்கே போறே?”

“எங்க ஆஸ்பத்திரிக்கு. ஊழியர்களுக்கு நோய் வந்தா தங்கறதுக்குன்னு பின்பக்க விடுதியில தனி அறை ஒதுக்கி வெச்சிருக்காங்க. குணமாகிற வரைக்கும் அங்கேயே படுத்துக்கறேன்.”

இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். இத்தனை வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிறகும் அவளிடம் இந்த நம்பிக்கை மிச்சமிருந்ததை என்ன சொல்ல.

வாய் நலத் தலைமை மருத்துவமனையில் அவளுக்கு உதவியாளர் வேலை. பல் டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் தேங்கும் தண்ணீரையும் எச்சிலையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய் எவ்வளவு உறிஞ்சினாலும் மீதி சாரலாகப் பறந்து நிற்பவர்கள் முகத்தில்தான் விழும். கொரோனாவுக்கு ஆள் தேடும் வேலையே வேண்டாம், இங்கே வந்து வாயைத் திறந்தால் போதும். ஆனால் வாசலில் ஒரு பலகை நின்றது: ‘நம் ஊழியர்களில் இன்றுவரை நோய்த்தொற்று: பூஜ்ஜியம்.’ மற்ற ஆஸ்பத்திரிகளில் இந்த மாதிரிப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். இங்கே ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் அவளுடைய படம். படம் என்றால் முழு முகம் இல்லை, மூக்குக்குக் கீழே தாடைக்கு மேலே உள்ள பாகம் மட்டும். முன்பு டீன் ஒரு போட்டி வைத்து எல்லா ஊழியர்களின் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். சொத்தை இல்லை, அடைப்பு இல்லை, கோணல் இல்லை என்று அவள் வாய் தேர்வாகி, ‘நிறுவனத்தின் மாதிரி வாய்’ என்று அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு அவள் பெயர் போனது. கேன்டீனில்கூட “மாதிரி வாய்க்கு ஒரு டீ” என்றுதான் குரல் கொடுப்பார்கள். பொது இடத்தில் நறுக்கென்று எதையும் கடிக்கக் கூடாது என்று அவளுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்றறிக்கையும் உண்டு.

நிர்வாக அதிகாரியின் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டு, பேசுவதற்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். கொரோனா வந்தபிறகு அந்த ஓட்டையை டேப் ஒட்டி அடைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு பக்கமும் கத்த வேண்டியிருந்தது.

“சார், எனக்கு ருசியே தெரியலை! நாக்கு எரியுது! அடியில புண்ணு! கொரோனாவா இருக்கும்னு பயமா இருக்கு! தனி அறை வேணும்!”

ஹாலில் இருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அவசரமாக டேப்பைப் பிய்த்தார்.

“மெதுவாப் பேசும்மா. காய்ச்சல் இருக்கா?”

“இல்லை சார்.”

“இருமல்?”

“இல்லை.”

“ஒரு இருமல்கூட இருமாம கொரோனாங்கறே. வாயில வர்றது எல்லாம் வாய் நோய். வாய் நோய்க்கு வைத்தியம் பாக்கறதே நாமதான். நமக்கே வாய் நோய்னு வெளியில தெரிஞ்சா எப்படி இருக்கும்? தீயணைப்பு நிலையத்துல தீப்பிடிச்ச மாதிரி இருக்கும்.”

“தீப்பிடிச்சா அவங்களும் அணைக்கத்தானே சார் செய்வாங்க?”

“முதல்ல போர்டை மறைப்பாங்க” என்றார் அதிகாரி, விவரம் தெரிந்தவராக. “உனக்கு அவ்வளவு சந்தேகமா இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை பண்ணிக்கோ.” சொல்லிவிட்டு டேப்பைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏற மனசில்லாமல் வெயிலில் நடந்தே போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை தெருமுனை வரை நின்றது. அவளும் எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்று, ஒருவழியாக ஜன்னலை அடைந்தாள். உள்ளே இருந்த பெண் நிமிராமலே கேட்டாள், “என்ன தொந்தரவு?”

“வாய்ல...”

“வாய்னா பல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“நான் அங்கேயிருந்துதாங்க வர்றேன்.”

“அப்ப வழி தெரியும்ல. அடுத்த ஆள்!”

திரும்பி நடந்தாள். வழியில் போன் அடித்தது. தம்பி.

“அறை குடுத்தாங்களாக்கா?”

“குடுக்கறாங்க, குடுக்கறாங்க. நீ மாத்திரை போட்டியா?”

“போட்டேன். இங்க பாரு, ரொம்ப இழுத்தடிச்சா வீட்டுக்கே வந்துடு. நீ உள் ரூம்ல இரு, நான் வெளியில இருந்துக்கறேன்.”

“உள் ரூமுக்குக் கதவு இருக்காடா? துணிதானே தொங்குது? பேசாம இரு” என்று போனை வைத்தாள். வைத்த பிறகு, நடுத்தெருவில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாஸ்க்குக்குள்ளேயே அழுதுகொண்டு நடந்தாள்.

அவள் திரும்பி வந்த நேரம், ஆஸ்பத்திரி முற்றத்தில் மதியக் கொப்பளிப்பு தொடங்கியிருந்தது.

கொரோனா வந்த புதிதில் மற்றவர்கள் எல்லாம் மாஸ்க்குக்கும் கையுறைக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, டீன் ஒரு ரோஸ் நிறத் தண்ணீரைக் கண்டுபிடித்தார். அதற்கு ‘வாய்க்காவலன்’ என்று பெயர் வைத்தார். டீன் எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். வீட்டில் பேசும் தமிழை அவர் பதவியேற்ற அன்றே விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். வாய்க்காவலனை அறிமுகப்படுத்தி அவர் ஆற்றிய உரை எல்லாருக்கும் மனப்பாடம். “மூக்கு நம் துறை அல்ல. நுரையீரல் நம் துறை அல்ல. வாய் நம் துறை. நம் துறையின் வழியாக ஒரு கிருமியும் உள்ளே போகாது. மற்றத் துறைகள் தத்தம் வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும்.” அன்று முதல் காலையும் மதியமும் ஊழியர்கள் அனைவரும் முற்றத்தில் கூடிக் கொப்பளித்தாக வேண்டும் என்று உத்தரவு.

அதற்கு முறை உண்டு. டீன் படியில் நின்று விசில் ஊதுவார். முதல் விசிலுக்கு எல்லாரும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். அடுத்த விசிலுக்கு ரோஸ் தண்ணீரை வாயில் நிரப்பி, அதற்கடுத்ததற்கு அண்ணாந்து கொப்பளிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் குட்டையில் கேட்கும் சத்தம் முற்றம் முழுக்க எழும். கடைசி விசிலுக்கு நீளமான தொட்டியில் எல்லாரும் ஒரே சமயத்தில் துப்ப வேண்டும். புகைப்படத்தில் எல்லாரும் விழ வேண்டும் என்பதற்காகத் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். கொரோனாவை விரட்ட மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தில் ஒருவர் கொப்பளித்துக்கொண்ட ஆஸ்பத்திரி, தெரிந்தவரையில் இது ஒன்றுதான்.

எல்லார் வாயிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. தொலைவில் மரத்தடியில் தனியாக நின்றவளை டீன் பார்த்துவிட்டார்.

“மாதிரி வாய் ஏன் ஓரமாக நிற்கிறது? முன்வரிசைக்கு வரவும்” என்றது மைக்.

“வர மாட்டேன் சார். மாஸ்க்கைக் கழட்டவும் மாட்டேன்” என்று அவள் கத்தினாள். “எனக்குக் கொரோனான்னு நினைக்கறேன். வாயெல்லாம் புண்ணு. நீங்களும் தயவுசெஞ்சு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

டீனின் கையில் விசில் அப்படியே நின்றது. விசில் வராமல் துப்பக் கூடாது என்பது விதி, ஆகவே அத்தனை பேரும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீன் யோசித்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக விழுங்கத் தொடங்கினார்கள்.

“நிறுவனத்தின் வாயில் புண் என்று நிறுவனத்தின் முற்றத்திலேயே கூறப்பட்டிருக்கிறது” என்றார் டீன் கடைசியில். “இது வெறும் புண் அல்ல, குற்றச்சாட்டு. உடனடியாக விசாரணைக் கமிட்டி அமைக்கிறேன்.”

கமிட்டிக்குத் தலைவர் டீன். உறுப்பினர் நிர்வாக அதிகாரி. வாயைப் பார்த்துச் சொல்லவும் சொன்னதை எழுதவும் சின்ன டாக்டர். சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். மாதிரி வாய் பக்கத்தில் நின்று குழாய் பிடிப்பது இவளுக்குத்தான். பயந்த சுபாவம், நோயாளி தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பாள்.

விசாரணை பல் பார்க்கும் நாற்காலியில் நடந்தது. கமிட்டி உள்ளே வந்த கோலத்தைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் திரை, தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, இடுக்குகளில் எல்லாம் டேப். அதிகாரி நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது.

“எனக்குக் கொரோனா இல்லைன்னுதானே சார் சொல்றீங்க? அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

“வழக்கமான உடுப்பு” என்றார் டீன். “வாயைத் திற.”

நாற்காலி சாய்ந்தது. வாய் மூடாமல் இருக்கக் கடைவாயில் ஒரு கட்டையைச் செருகினார்கள். கன்னத்தில் பஞ்சு, நாக்கின் மேல் கண்ணாடி, ஓரத்தில் அவள் தினமும் பிடிக்கிற அதே உறிஞ்சுகுழாய். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

பல் டாக்டர்களுக்கு இது கைவந்த பழக்கம். வாய் சும்மா இருக்கும்போது ஒன்றும் கேட்க மாட்டார்கள். உள்ளே ஐந்தாறு சாமான்களை வைத்த பிறகு, வீடு எங்கே, வேலை எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பாசமாக விசாரிப்பார்கள். நோயாளி ‘ஆ’ என்பார். எந்த ‘ஆ’ வலி, எந்த ‘ஆ’ பயம், எந்த ‘ஆ’ பெரிய பையன் காலேஜில் படிக்கிறான் என்று பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது அவள்தான். அந்தப் பாஷை அவளுக்கு அத்துப்படி. கமிட்டிக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தெரிந்திருந்தது, சம்மதம்.

சின்ன டாக்டர் குனிந்து பார்த்தாள். “நாக்குக்கு அடியில புண்கள் இருக்கு சார். மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. ஈறு சிவந்திருக்கு. எச்சிலே இல்லை. இப்பல்லாம் இந்த மாதிரி...”

“புண் என்று எழுதாதே” என்றார் டீன். “மாதிரி வாயில் புண் வராது. ‘மேற்பரப்பில் தற்காலிக மாற்றம்’ என்று எழுது. அம்மா, இந்த மாற்றம், நீயே உன் நாக்கைக் கடித்துக்கொண்டதால் ஏற்பட்டதுதானே?”

“ஆ! ஆஆ! ஆ!”

“ஒப்புக்கொள்கிறாள். எழுது.”

அவள் இடது கையைத் தூக்கினாள். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாருக்கும் அவளே சொல்லியிருக்கிறாள்.

“கையை இறக்கம்மா” என்றார் அதிகாரி. “கை தூக்கறது நோயாளிகளுக்கு. நீ நோயாளி இல்லைங்கறதைத்தான் இங்க நிரூபிச்சிட்டு இருக்கோம்.”

“ருசி போய்விட்டது என்கிறாய்” என்று தொடர்ந்தார் டீன். “ருசி என்பது ஓர் அபிப்பிராயம். ஊழியர்கள் அபிப்பிராயம் வைத்துக்கொள்வதற்கு விதிகளில் இடமில்லை. இதை நீ அறிவாய்தானே?”

“ஆ... ஆ...”

“அறிவாள். எழுது. வாய் எரிகிறது என்கிறாய். நான் இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான் விடுப்பு கேட்டேனா?”

சின்ன டாக்டரின் பேனா நின்றது. “இதையும் எழுதணுமா சார்?”

“எழுது. வரலாறு படிக்கட்டும்.”

கமிட்டி ஒரு நிமிஷம் மூலையில் கூடிப் பேசியது. பிறகு டீன் தீர்ப்பை வாசித்தார். நிறுவனத்துக்குச் சொந்தமான வாயை ஊழியர் கவனக்குறைவாகப் பராமரித்திருக்கிறார். நோய்த்தொற்று எதுவும் இல்லை என்பதை அவரே தம் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தனி அறைக்கு அவசியமில்லை. கருணை அடிப்படையில் இரண்டொரு நாள் வீட்டில் ஓய்வு தரலாம்.

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று டீன் பரிவோடு கேட்டார்.

“ஆ... ஆஆ...”

“தம்பியாம் சார்” என்றாள் சின்ன டாக்டர் மெதுவாக. இத்தனை நாள் பக்கத்தில் நின்றதில் அவளுக்கும் கொஞ்சம் பாஷை வந்திருந்தது.

“மிக நன்று. உடன்பிறப்பின் அருகாமையைவிடச் சிறந்த மருந்து உண்டா? அவன் மடியில் தலை வைத்துப் படுத்திரு.”

அவள் வாய்க்குள் கையை விட்டாள். கட்டையைப் பிடுங்கினாள், பஞ்சைப் பிடுங்கினாள், குழாயைப் பிடுங்கி வீசினாள். அது தரையில் கிடந்து உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது.

“என் தம்பிக்கு மாத்தி வெச்ச கிட்னி சார். நான் வீட்டுக்குப் போனா அவனைக் கொல்றதுக்குச் சமம்.”

டீன் அவளை இரக்கமாகப் பார்த்தார். “கிட்னி நம் துறை அல்ல” என்றார்.

அதுவரை அவளுக்குப் பயமும் குழப்பமும்தான் இருந்தன. நாம் சொன்னது புரியவில்லையோ, வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டுமோ என்று காலையிலிருந்து தன்னையே நொந்துகொண்டிருந்தாள். இவர்களுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருக்கிறது என்று அந்த நிமிஷம் தெரிந்துபோனது. பிறகு எங்கிருந்தோ கோபம் வந்தது, அது வந்ததும் பயம் போய்விட்டது. மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, அனுமதி கேட்காமல் வெளியே நடந்தாள்.

விடுதி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. நோய்வாய்ப்படும் ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய அறைகளில் யாரும் நோய்வாய்ப்படாததால், அங்கே வாய்க்காவலன் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். காலையும் மதியமும் எடுக்க வசதியாகப் பூட்டுகூடப் போடுவதில்லை. அவள் முதல் அறையில் புகுந்து கேன்களை ஒவ்வொன்றாக இழுத்து வராந்தாவில் போட்டாள். மூச்சு வாங்கியது. உள்ளே தூசி படிந்த கட்டில்கள் தெரிந்தன. ஒன்றைத் தட்டித் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். தம்பிக்குப் போன் போட்டு, “அறை கிடைச்சுடுச்சு” என்றாள்.

“குடுத்துட்டாங்களா?”

“எடுத்துக்கிட்டேன்.”

விஷயம் பரவிவிட்டது. டீன் அதே உடுப்பில் வந்து வராந்தாவின் மறுகோடியில் நின்றார். பின்னால் அதிகாரி, காவலாளி, சின்ன டாக்டர். அதற்கும் பின்னால் புல்தரையில், வேலையைப் போட்டுவிட்டு வந்த ஊழியர் கூட்டம்.

“உடனடியாக வெளியே வா!” என்றார் டீன் மைக்கில். மைக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“கதவைப் பூட்டலை சார், சும்மாதான் சாத்தியிருக்கேன்” என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு இப்பத்தானே எழுதினீங்க? அந்த வேஷத்தைக் கலைச்சிட்டு, மாஸ்க் இல்லாம உள்ள வாங்க. என் கையைப் பிடிச்சுக் கூப்பிடுங்க. பேசாம வந்துடறேன்.”

டீன் அதிகாரியைப் பார்த்தார். “பெண் ஊழியர் இருக்கற அறைக்குள்ள ஆண் அதிகாரி நுழையறது விதிக்குப் புறம்பு சார்” என்றார் அதிகாரி. எல்லா விதிகளும் தனக்கு எதிராகவே இருப்பதாக நினைத்திருந்தவருக்கு அன்று ஒரு விதி கை கொடுத்தது. டீன் காவலாளியைப் பார்த்தார்.

“என் வேலை கேட்டோட சரி” என்றார் காவலாளி.

“நீங்களே போகலாமே சார்?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் வேலை பார்க்கிற அண்ணன். வராந்தாவில் கிடந்த கேன் ஒன்றைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தார். “வாய்க்காவலன் இருக்கும்போது என்ன பயம்? கொப்பளிச்சிட்டுப் போங்க.”

ரோஸ் நிறத் தண்ணீர் டீனின் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. டீன் ஒரு அடி பின்வாங்கினார்.

“நான் இதைப் பயன்படுத்துவதில்லை” என்றார்.

“ஏன் சார்?”

“எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மேலும் நான் விசில் ஊத வேண்டியவன். தலைமை என்பது ஊதுவது. ஊதுகிறவன் கொப்பளிக்க முடியாது.” மைக் அணையவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. “நான் உள்ளே போய் எனக்கு ஏதேனும் வந்துவிட்டால் நிறுவனத்தின் கதி என்ன?”

“என்ன சார் வரும்?” என்று கேட்டாள் சின்ன டாக்டர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. தான் எழுதிய விசாரணைத் தாள்களை டீன் கையில் கொடுத்தாள். கண்ணாடித் திரையைக் கழற்றினாள், டேப்பைப் பிய்த்தாள், அங்கியைக் காலால் தள்ளிவிட்டாள். மாஸ்க்கை மட்டும் இறுக்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

“எங்கே போகிறாய்?”

“எனக்கும் நாக்கு எரியுது சார். நாலு நாளா எதைச் சாப்பிட்டாலும் அட்டையைத் தின்ன மாதிரி இருக்கு. கண்ணாடியில பார்த்தேன், புண்ணு. நானும் வாய் டாக்டர்தானே, எனக்குத் தெரியாதா என்ன? வேலை போயிடுமோன்னு பயந்துக்கிட்டு இவ்வளவு நாளும் நோயாளிங்க வாயில கை வெச்சிட்டு இருந்தேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். “இன்னிக்கு அக்கா வாயைப் பாத்துட்டுப் பொய்யா வேற எழுதினேன்.”

கதவு உள்ளிருந்து திறந்தது. அவள் உள்ளே போனாள்.

அதன்பிறகு டம்ளரை வைத்துவிட்டு, கருவி அறை அண்ணன் அடுத்த அறையின் கேன்களை இழுத்துப் போட ஆரம்பித்தார். எக்ஸ்ரே எடுக்கும் பெண் வந்தாள். சீட்டு எழுதும் கவுன்டர்காரர் வந்தார். ஒருவருக்கொருவர் தள்ளி நின்று, யாரும் விசில் ஊதாமலே வரிசையில் வந்தார்கள். எனக்கு ஈறு வீங்கியிருக்கு, எனக்கு எச்சிலே ஊறலை, எனக்கு உதட்டுக்குள்ள புண்ணு என்று, இத்தனை நாளும் மாஸ்க்குக்குள் வைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை கொப்பளித்துக் காத்துவந்ததையெல்லாம் வெளியே சொன்னார்கள். வாயில் ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“இது சட்டவிரோதம்! நம் நிறுவனத்தில் தொற்று பூஜ்ஜியம்!” என்று டீன் காலியான புல்தரையைப் பார்த்து மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு நிர்வாக அதிகாரி ஒருவர்தான் மிச்சம். அவரும் கொஞ்ச நேரமாக ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். பிறகு சரசரவென்று வராந்தாவைக் கடந்து ஜன்னலுக்கு எட்ட நின்றார்.

“ஏம்மா” என்றார் தணிந்த குரலில். “ஆம்பளைங்க பக்கம் இன்னும் ஒரு கட்டில் இருக்குமா?”

அவளுக்குக் காலையில் ஒட்டிய டேப்பும், வெயிலில் நடந்த நடையும், கட்டையைச் செருகிய கடைவாயும் இன்னும் வலித்தன. போங்க சார், உங்க வீட்டுக்காரங்க மடியில படுத்துக்கங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ என்ற நினைப்பும் கூடவே வந்தது.

“இருக்கு” என்றாள். “ஆனா சும்மா விட மாட்டேன். உங்களுக்கு என்னன்னு இங்கேயிருந்து சத்தமாச் சொல்லிட்டு உள்ள போங்க. அவருக்குக் கேக்கணும்.”

அதிகாரி திரும்பி டீனைப் பார்த்தார். டீன் தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். அதிகாரி தன் கண்ணாடித் திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“எனக்குக் கொரோனா!” என்று கத்தினார். “ஒரு வாரமா வாயில ருசியே இல்லை! வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு!”

“ரெண்டாவது அறை சார்” என்றாள் அவள். “கேன் கனமா இருக்கும், பாத்துத் தூக்குங்க.”